காதைக் குத்தும் ஒலியும் கனிந்த ஒலியும்

எங்கள் வீட்டு வால்வு வானொலிப் பெட்டியில் 'டோன்' என்றொரு குமிழ் இருந்தது. அதை இடப்பக்கத்து எல்லையிலிருந்து நகர்த்த அப்பா விடமாட்டார். கூர்மை மழுங்கிக் கனிந்து வருவதே அவருக்கு இசை. “மற்றப் பக்கம் திருப்பினால் காதைக் குத்துது” என்பார். அவர் இல்லாத வேளைகளில் நான் குமிழை மறுபக்கம் திருப்பி, வயலின் வில்லின் உராய்வைத் தேடுவேன்.

இதே சச்சரவு அமெரிக்காவில் ஆய்வுகூடம்வரை சென்றதென்பதைப் பின்னாளிலேயே அறிந்தேன். 1945 இல் சி.பி.எஸ். வானொலி நிறுவனத்தின் ஹவார்ட் சின், பிலிப் ஐசன்பேர்க் ஆகியோர் நேயர்களுக்கு ஒரே இசையை வெவ்வேறு அதிர்வெண் வீச்சுகளில் கேட்கச் செய்தனர். நுண்ணொலிகள் அனைத்தும் அடங்கிய அகன்ற வீச்சைப் பெரும்பாலானோர் விரும்பவில்லை. மேலொலி வெட்டப்பட்டதே இனிமையாக இருக்கிறது என்றனர்.

இது வெறும் ரசனைத் தகராறு அல்ல. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933 இல் காப்புரிமை பெற்ற பண்பலை ஒலிபரப்பு, 15,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை வீட்டுக்குக் கொண்டுவர வல்லது. மக்களுக்கு அது வேண்டாமென்றால் அந்த முயற்சியெல்லாம் எதற்கு?

1947 இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் இக்கேள்வியை வேறுவிதமாக அணுகினார். அவருடைய சோதனையில் ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஒரு சிறு வாத்தியக் குழுவைத் திரைக்குப் பின்னால் அமர்த்தினார். இடையில், 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை மறிக்கும் தடுப்புகளை நிறுத்தினார். வேண்டியபோது அவற்றைத் திறக்கலாம், மூடலாம். இம்முறை, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானோர் தடுப்பில்லாத முழு ஒலியையே தெரிவுசெய்தனர். (ஆம்ஸ்ட்ரோங் தமது காப்புரிமைக்காக மறு ஆண்டு வழக்குத் தொடுத்தது இந்த ஆர்.சி.ஏ. மீதுதான் என்பது வேறு கதை.)

அப்படியானால் முந்திய நேயர்கள் வெறுத்தது எதை? அக்காலப் பெருக்கிகளும் ஒலிபெருக்கிகளும் மூல இசையில் இல்லாத ஓசைகளைத் தாமாகவே சேர்த்தன. அந்தக் கசடு பெரிதும் மேல் வீச்சிலேயே படியும். இசைத்தட்டில் ஊசி உராயும் இரைச்சலும் அங்கேதான். வீச்சை அகலத் திறந்தால் இசையின் நுணுக்கத்தோடு இவையும் சேர்ந்து வரும். மேலொலியை வெட்டியபோது கசடு போயிற்று, நுணுக்கமும் போயிற்று. நேயர்கள் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் ஓல்சனின் மண்டபத்திலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர், தெளிந்த ஒலியைக் கேட்ட பின்னும், மழுங்கியதையே விரும்பினர். அவர்களுடைய செவியைப் பிழையென்று சொல்ல எனக்கு மனமில்லை.

அப்பா அந்த மூன்றிலொரு பங்கைச் சேர்ந்தவர் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் கோயில் திருவிழாக்களில் மேளக் கச்சேரி தொடங்கியதும், நாதஸ்வரத்தின் வாய்க்கு நேரெதிரே, தவிலுக்கு இரண்டடி தள்ளி அவர் போய் அமர்வார். அங்கே காதைக் குத்துகிறதென்று ஒருநாளும் எழுந்து வந்ததில்லை.