கார்னகியிடம் மானியம் கேட்ட ஊர்கள்

"யாராவது நிதி குடுத்தா நம்ம சங்கம் எவ்வளவோ செய்யலாமே!" என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். மனு எழுதுமுன் ஒரு பழைய கதை.

1886 முதல் 1919 வரை ஆண்ட்ரூ கார்னகியும் அவர் நிறுவிய அறக்கட்டளையும் அளித்த நன்கொடையால் அமெரிக்காவில் 1,679 பொது நூலகக் கட்டடங்கள் எழுந்தன. மனுக்களைப் பார்த்தவர் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம். இடம் இருக்கிறதா, ஆண்டுதோறும் ஊர் வரியிலிருந்து எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று முதலில் கேட்பார். பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான நிபந்தனை. 10,000 டாலர் பெற்றால் வருடம் 1,000 டாலர் ஊர் போட வேண்டும். புத்தகங்களும் ஊர்ப்பொறுப்பே. வாக்குத் தவறிய ஊர்களில் கட்டடம் நின்றது; நூலகம் தளர்ந்தது.

"நீங்க என்ன போடுறீங்க?" என்று நம்மிடமும் கேட்பார்கள். நண்பர்களே, முதலில் நம்ம சந்தா பாக்கியைக் கட்டிடுவோமா?