முரண் தக்கையடைப்பு

காலின் ஆழ்சிரையில் உறையும் இரத்தக்கட்டி பெயர்ந்தால், இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சிக்கும். அரிதாக அது இதயத்தின் இடப்பக்கத்துக்குக் கடந்து மூளையின் தமனியையோ கைகால் தமனியையோ அடைத்துவிடுவதே முரண் தக்கையடைப்பு. கடக்கும் வழி பெரும்பாலும் மேலறைகளுக்கு இடையே உள்ள நீள்வட்டத் துளை. கருவில் எல்லோருக்கும் இருக்கும் இத்துளை, பிறந்தபின் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. மூளைத் தமனி அடைபட்டு இறந்த 35 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் மூன்று விரல்கள் தாராளமாக நுழையும் துளையைக் கண்டதாக, 1877இல் ஜெர்மானிய நோயியலாளர் யூலியஸ் கோன்ஹைம் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் இந்நோய் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது.

உயிருள்ளவரிடம் துளையைக் காட்டியது எக்கோ பரிசோதனை. இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே உப்புநீரைக் குலுக்கி, நுண்குமிழிகளோடு கைச்சிரையில் செலுத்தி, நோயாளியை முக்கச் சொல்வார்கள். சில துடிப்புகளுக்குள் இடமேலறையில் வெண்புள்ளிகள் மின்னினால் வழி திறந்திருக்கிறது. 1988இல் பிரான்சின் லெஷா குழு, பக்கவாதம் வந்த 55 வயதுக்குட்பட்டோரில் 40 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் துளை இருப்பதாகக் காட்டியது. நால்வரில் ஒருவருக்கு உள்ளதைக் குற்றவாளி என்பது எப்படி என்ற மறுப்பு வலுவானது. துளையை அடைத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் தெளிவான பயன் கிடைக்காதது அதற்கு மேலும் வலு சேர்த்தது. ஆனால் பெரிய துளையோ தொளதொளத்த இடைச்சுவரோ உள்ளவர்களை மட்டும் சேர்த்த 2017ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில், துளை அடைக்கப்பட்ட 238 பேரில் ஒருவருக்கும் மீண்டும் பக்கவாதம் வரவில்லை. மாத்திரை மட்டும் பெற்ற 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ஆக, மறுப்பு முதியவர்களுக்குப் பொருந்தலாம். வேறு காரணம் இல்லாத இளையவர்களுக்குப் பொருந்தாது. துளை அடைக்கப்பட்டவர்கள் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டி எங்கிருந்து வந்தது என்ற வேறுபாடு சேலம், நாமக்கல் சமவெளியில் முக்கியம். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களைப் போல மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போருக்குக் காலில் இரத்தம் தேங்கி உறையும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் வாதக்காய்ச்சலால் சுருங்கிய ஈரிதழ் வால்வு உள்ளவருக்குக் கட்டி இடமேலறையிலேயே உருவாகும். மூளைக்குப் போக அதற்குத் துளை தேவையில்லை. எனவே வால்வையும் துடிப்பையும் பார்த்த பிறகே துளையைத் தேடுவது முறை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு.