துண்டும் தொப்பியும்

சங்கீத வித்வான்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் குருவின் பெயரைச் சொல்வார்கள். எத்தனை வருஷம் குருகுலவாசம், எந்த ராகத்தில் கீர்த்தி என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் அந்த மனிதர் மேடையில் என்ன உடுத்தியிருந்தார், அதை உடுத்த அவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். அது சில்லறை விஷயம் என்று எண்ணம். என் அபிப்பிராயத்தில் நம் சங்கீத சரித்திரத்தில் பாதி அந்தச் சில்லறை விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

புதுக்கோட்டைக்கு அடுத்த செட்டிநாட்டுச் சீமையில் கானாடுகாத்தான் என்று ஓர் ஊர். சுயமரியாதை இயக்கத்தின் ஆரம்ப நாட்களில் அங்கே ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு போகிறார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. அதைப் பெரிய மனிதர் ஒருவர் பார்த்துவிட்டார். "துண்டை எடு" என்று உத்தரவு பிறந்தது. நாயனக்காரன் துண்டை இடுப்பில் கட்டலாம், தோளில் போடலாகாது என்பது அன்றைய சம்பிரதாயம். கூட்டத்தில் இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, "எடுக்க வேண்டாம், நீங்கள் வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டார். துண்டு தோளிலேயே இருந்தது.

ஒரு முழத் துணிக்கு இவ்வளவு ரகளையா என்று கேட்கலாம். துணிக்கு அல்ல, தோளுக்குத்தான் ரகளை. பிற்பாடு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்புத் தலையோடும் ஷெர்வானியோடும் மேடை ஏறி, வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமாக உட்கார்ந்து வாசித்தார். அதை அவருடைய டம்பம் என்று சொன்னவர்கள் உண்டு. டம்பம் கொஞ்சம் இருந்திருக்கலாம். அந்த டம்பம் இல்லாவிட்டால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சட்டை இல்லை!

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம், சமீபத்தில் புதுக்கோட்டையில் நான் சந்தித்த சில பிள்ளைகள். 'ராப்' பாடுகிறவர்கள். பாடுகிறவர்கள் என்று சொல்வதா, பேசுகிறவர்கள் என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. தாளத்தின் மேல் வார்த்தைகளைச் சரம் சரமாகக் கொட்டுகிறார்கள். முழங்கை தாண்டித் தொங்கும் சட்டை, முட்டியில் மடிந்து விழும் கால்சட்டை, தலையில் தொப்பி. புதுக்குளக் கரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம்.

அவர்களில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறவன். திருவிழாவுக்காக ஊர் வந்திருந்தான். "இவ்வளவு பெரிய சட்டை எதற்குத் தம்பி? இரண்டு பேர் நுழையலாமே!" என்றேன்.

"வெளிநாட்டுக்காரன் அளவு ஐயா. ஒரு தையல் கோணினா அனுப்ப மாட்டாங்க. காதர்பேட்டையில மலிவா வரும். நான் தச்சதை நானே வாங்கிப் போட்டுக்கிறேன்" என்றான்.

அமெரிக்கப் பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் காப்பியடிக்கிறான் என்றுதான் நாம் நினைப்போம். அந்த அமெரிக்கப் பிள்ளை போட்டிருக்கும் சட்டையே நம் ஆலங்குடிப் பக்கத்துப் பையன் தைத்ததாக இருக்கலாம்! யார் யாரைப் பார்த்து உடுத்துகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமல்ல.

அந்த ராப்பின் பிறந்த கதையிலேயே துணி இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு விருந்து. கூல் ஹெர்க் என்று பெயர் பெற்ற வாலிபன் இசைத்தட்டுகளைச் சுழற்றினான். விருந்துக்கு ஏற்பாடு செய்தவள் அவன் தங்கை சிண்டி. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். எதற்காக வசூல்? பள்ளி திறக்கப் போகிறது. அவளுக்குப் புதுத் துணி வாங்க வேண்டும். உலகம் முழுவதும் பரவிய ஒரு சங்கீதம் ஒரு பெண்ணின் பள்ளிக்கூடத் துணிக்காகத் தொடங்கியது என்பதை நான் படித்தபோது, கதாசிரியன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

1982-இல் ஹார்லெமில் டாப்பர் டான் என்ற தையற்காரர் கடை வைத்தார். பெரிய கம்பெனிகளின் முத்திரைகளைத் தாமே தோலில் அச்சிட்டு, பாடகர்களுக்கு அங்கி தைத்துக் கொடுத்தார். கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1992-இல் கடை மூடிற்று. 2017-இல் அதே மாதிரிக் கம்பெனி ஒன்று, குச்சி என்று பெயர், அவர் பழைய அங்கியைப் போலவே ஓர் அங்கியை வெளியிட்டது. ஊர் சிரித்ததும் அவரையே கூப்பிட்டுக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. ஏழை எடுத்தால் திருட்டு, பணக்காரன் எடுத்தால் நாகரிகம்.

தமிழில் இந்தக் கலை வந்த வழி சுருக்கமானது. 1994-இல் 'காதலன்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் ஒரு பேட்டைப் பாட்டு வந்தது, ஊரெல்லாம் முணுமுணுத்தது. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த நாடு அது. பிறகு கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஹிப்ஹாப் தமிழா. புதுக்குளக் கரைப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒரு பெயரை நான் சொன்னேன்: மான்பூண்டியா பிள்ளை. அவர்கள் ஊர்க்காரர்தான். 1859-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். ஊர்வலங்களில் விளக்குத் தூக்கிப் போகிற வேலை பார்த்தவர். தவில்காரர் மாரியப்ப பிள்ளையிடம் லயம் கற்றார். கையடக்கமான பலாமர வளையத்தில் உடும்புத் தோலைக் கட்டி, ஒரு சலங்கை வில்லையைச் செருகி, அதைக் கஞ்சிராவாகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். விளக்குத் தூக்கிய கை! மிருதங்க ஜாம்பவான்கள் இருந்த மேடையில் அதற்கு எளிதாக இடம் கொடுத்திருப்பார்களா, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கணக்கினால் இடம் பிடித்தார். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை காலத்தில் 'புதுக்கோட்டை பாணி' என்றே ஒன்று நிலைத்துவிட்டது. இன்று உடும்பைக் கொல்வது 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். தோல் மாறிவிட்டது, வளையம் இருக்கிறது. 2024-இல் 'சக்தி' குழுவுக்குக் கிராமி பரிசு கிடைத்தபோது அந்தக் குழுவில் கஞ்சிராவோடு செல்வகணேஷ் இருந்தார்.

இதைச் சொல்லிவிட்டு, பையன்களில் ஒருவனைத் தன் பாட்டை மெதுவாகச் சொல்லச் சொன்னேன். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். நாலு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று மூன்று அசை. சுத்தமான திச்ர நடை! "இதை எங்கே கற்றாய்?" என்று கேட்டேன். "காதுலதான் ஐயா" என்றான். அர்த்தம் எனக்குப் பாதி பிடிக்கவில்லை. தன் பெருமையைத் தானே பாடுவது அளவுக்கு மிஞ்சியிருந்தது. பி. யு. சின்னப்பாவும் இந்த ஊர்தான். 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே என்று ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள். ஊர்த் தண்ணீரில் அந்தக் குணம் இருக்கிறது போலும்.

தங்களை விட்டுவிட்டு அவர்கள் அதிகம் பேசியது அறிவு என்ற இளைஞரைப் பற்றி. 2018 ஜனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தபோது அந்தக் குழுவில் அவரும் ஒருவர். கானாப் பாட்டுக்காரர்களும் ராப் பாடகர்களும் கோட்டும் சூட்டுமாக மேடை ஏறினார்கள். அம்பேத்கர் கோட்டை விட்டுக் கீழே இறங்காததற்கு என்ன காரணமோ, அதே காரணம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை வைத்து அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் வந்து கோடிக்கணக்கான பேரைச் சேர்ந்தது. அந்த ஆகஸ்டில் ஒரு சங்கீதப் பத்திரிகையின் அட்டையில் மற்றவர்கள் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்கென்று தனி அட்டை போட்டார்கள். பையன்கள் இதைச் சொன்னபோது அவர்கள் குரலில் ராப் இல்லை.

"உங்களுக்கு மேடை கிடைக்கிறதா?" என்று கேட்டேன்.

தையற்காரப் பிள்ளை தொப்பியைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி போட்டுக்கொண்டான். பங்குனித் திருவிழாவில் இரண்டு பாட்டுக்கு இடம் தருவதாகச் சொன்னார்களாம். ஆனால் அவன் வேட்டி கட்ட வேண்டும். தொப்பி போடக் கூடாது. அவன் தெருவைப் பற்றி எழுதிய பாட்டைப் பாடக் கூடாது.

"என்ன சொன்னாய்?"

"வேட்டி கட்டிக்கிறேன்னு சொன்னேன் ஐயா. எனக்கும் வேட்டி பிடிக்கும். மத்த ரெண்டுக்கும் இன்னும் பதில் சொல்லலை" என்றான்.