கல்லூரி பெஞ்சில் பிறந்த கறுப்பு இசைத்தட்டு

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்க அண்ணா, ரொம்ப டெக்னிகலா மட்டும் வேண்டாம்" என்று மலர்க் குழுத் தம்பிகள் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். ஒரு என்ஜினீயரிடம் போய் இப்படிக் கேட்டால் அவன் என்னதான் செய்வான்? ஆகவே, பாதி பாட்டு, பாதி பொறியியல் என்று ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். நம் விடுதி அறைகளில் பென் டிரைவ் விட்டுப் பென் டிரைவ் தாவிய ஆல்பம்தான். பிங்க் ஃப்ளாய்ட் குழுவினரின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'.

கதை தொடங்குவதே ஒரு கல்லூரியில். 1962-ல் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவர்கள் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட். படிப்பை விடப் பாட்டு அதிகம்! நம்ம பசங்க மாதிரியேதான். வாட்டர்ஸின் சொந்த ஊரான கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியம் படிக்க லண்டன் வந்த சிட் பேரட் அவர்களோடு சேர்ந்தார். 1965-ல் குழுவுக்கு இன்றுள்ள பெயர் அமைந்தது. பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் முதல் பெயர்களை ஒட்டவைத்துப் பேரட் வைத்த பெயர் அது. 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் பேரட் எழுதியவையே.

ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பேரட்டின் மனநிலை குலைந்துவிட்டது. எல்.எஸ்.டி. பழக்கமும் அதில் சேர்ந்துகொண்டது. மேடையில் கிதாரை வாசிக்காமல் அப்படியே நிற்பாராம். துணைக்கு இன்னொரு கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோரைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள் கச்சேரிக்குப் புறப்பட்டபோது, பேரட்டை அழைத்துப் போக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவ்வளவுதான். குழுவை உருவாக்கியவர் குழுவுக்கு வெளியே.

அந்த வடு ஆறவில்லை. 1973 மார்ச்சில் வெளியான 'டார்க் சைடு' ஆல்பத்தின் பொருளே காலம், பணம், சாவு, மனம் பேதலித்தல் இவைதானே! 1972-ன் தொடக்கத்திலிருந்தே மேடையில் முழுசாக வாசித்துப் பார்த்து, செதுக்கிச் செதுக்கி, அதன் பிறகே லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். முதலில் புரோட்டோடைப், பிறகு உற்பத்தி என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

இப்போது கொஞ்சம் டெக்னிகல், பொறுத்துக்கொள்ளுங்கள். 'மனி' பாட்டின் ஆரம்பத்தில் வரும் காசுச் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை அளவுகோல் வைத்து ஏழு சமத் துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, பிளேடும் ஒட்டு டேப்பும்தான். டேப்பின் நீளமே அங்கே காலம். பாட்டின் தாளமும் பெரும்பகுதி ஏழுதான். நம்ம மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஏழு அந்நியமாகவே படாது. 'டைம்' பாட்டின் கடிகாரங்களைப் பழைய கடிகாரக் கடைக்கே போய்ப் பதிந்து வந்தவர் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ்.

இசைத்தட்டின் கதை இன்னும் சுவையானது. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33 1/3 முறை சுற்றும். வெளி வரியில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் தட்டு, உள்வரிக்கு வரும்போது அதில் பாதிகூட ஓடாது. அதே ஒலியைக் குறைந்த இடத்தில் அடைக்க வேண்டும். கூர்மையான ஓசைகள் அங்கே மங்கும். ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் வரிகள் நெருங்கும், சத்தத்தைக் குறைத்தே வெட்ட வேண்டும். இந்த ஆல்பம் மொத்தம் ஏறக்குறைய 43 நிமிடம். இரண்டு பக்கமுமே அமைதியில் அடங்கி முடிகின்றன. கடைசியில் மிஞ்சுவது இதயத் துடிப்பு மட்டும். உள்வரிக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன!

அட்டையில் உள்ள முப்பட்டகத்தைப் பார்த்திருப்பீர்கள். எண்ணிப் பாருங்கள், நிறங்கள் ஆறுதான். நம் பிசிக்ஸ் வாத்தியார் மார்க்கைக் குறைத்திருப்பார்!

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வார்த்தையே இல்லாமல் குரலால் அழுது தீர்ப்பவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். தட்டோ கோடிக்கணக்கில் விற்றது. 1973-க்கும் 1988-க்கும் இடையில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 741 வாரம் இருந்தது. 2004-ல் அவர் வழக்குப் போட, 2005-ல் சமரசமாகி, அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் யார் யார் பெயர் வர வேண்டும் என்று சண்டை போட்டவர்களுக்கு இது புரியும்.

1975-ல் பேரட்டை நினைத்தே அடுத்த ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் ஒரு நாள், தலையும் புருவமும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பேரட்தான் என்று தெரிந்ததும் கண்ணீர் விட்டார்கள். யாரை எண்ணிப் பாடினார்களோ, அவரையே அடையாளம் தெரியாமல் போனது!

பிறகு 1979-ல் 'தி வால்'. அந்த வேலையின் நடுவிலேயே ரைட்டை வெளியேறச் செய்தார் வாட்டர்ஸ். 1985-ல் வாட்டர்ஸே விலகினார். பெயர் யாருக்கு என்று வழக்கறிஞர்கள் மூலம் மோதினார்கள். ஒரே கல்லூரியில் ஒன்றாகத் திரிந்தவர்கள் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. 2005 ஜூலை 2-ல் லண்டன் ஹைடு பார்க் மேடையில் வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நால்வரும் ஒன்றாக நின்றார்கள். 24 வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. அதுவே கடைசி முறையும். அங்கே பேரட்டை நினைவுகூர்ந்தார் வாட்டர்ஸ். 2006-ல் பேரட்டும் 2008-ல் ரைட்டும் மறைந்தார்கள்.

நண்பர்களே, இந்த மலரின் பின்பக்கங்களில் நம் பேட்ச் வாரியாக முகவரிப் பட்டியல் இருக்கும். எல்லா பேட்சிலும் ஓரிரு பெயருக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. படிப்பை நடுவில் விட்டவன், வேலை போனவன், மனசு உடைந்தவன், நம்மோடு மனஸ்தாபப்பட்டு ஒதுங்கியவன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் இப்போதே ஒருவர் மெல்ல ஒதுங்கிக்கொண்டிருக்கலாம், கவனியுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வரும் பெரியவர்களே, விருந்துக்கு உட்காரும் முன் அந்த வெற்று இடத்துக்குரியவரை விசாரித்து, ஒரு போன் போட்டுப் பாருங்கள்.