ராயல் சொசைட்டியின் நரம்பியல் சொற்பொழிவுகள்

லண்டன் ராயல் சொசைட்டி நடத்தும் சொற்பொழிவுகளில் நரம்பு மண்டல ஆராய்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையவை இரண்டு: 1738இல் தொடங்கிய குரூனியன் விரிவுரையும், 1929இல் தொடங்கிய ஃபெரியர் விரிவுரையும். முன்னது இன்று உயிரியல் முழுவதற்கும் உரியது. பின்னது நரம்பு மண்டலத்தின் அமைப்பையும் செயலையும் மட்டுமே பொருளாகக் கொண்டது. மூளை ஆய்வுக்கெனத் தனி நிலையங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆய்வாளர்கள் தம் முடிவுகளைச் சபையறிய எடுத்துவைத்த மேடைகளுள் குரூனியன் விரிவுரை முக்கியமானது.

தோற்றம்: வில்லியம் குரூன் (1633–1684) லண்டன் மருத்துவர். சொசைட்டியைத் தொடங்கியவர்களோடு இருந்தவர்; அதன் முதல் பதிவாளர். தசை எப்படி அசைகிறது என்ற கேள்வியில் ஊறியவர். 1664இல் அதுபற்றி லத்தீனில் நூல் வெளியிட்டார். தமக்குப் பின் இரு விரிவுரைகள் நடக்க வேண்டுமென்று திட்டம் எழுதி வைத்தார்: ஒன்று மருத்துவர் கல்லூரியில், மற்றொன்று சொசைட்டியில், தசை இயக்கத்தின் தன்மை பற்றி. ஆனால் அதற்குப் பணம் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர் மனைவி மேரி பின்னர் சர் எட்வின் சாட்லியரை மணந்தார்; 1706இல் காலமானார். முதல் கணவரின் எண்ணத்தை நிறைவேற்றியது மேரியின் உயில்தான். லண்டனில் தமக்கிருந்த ‘கிங்ஸ் ஹெட்’ என்னும் மதுக்கடையின் வாடகையை ஐந்து பங்காக்கி, நான்கை மருத்துவர் கல்லூரிக்கும் ஒன்றைச் சொசைட்டிக்கும் விட்டுச்சென்றார். தசையையும் நரம்பையும் பற்றிய பேச்சுக்கு மதுக்கடை வாடகை படியளந்தது. விரிவுரை குரூனின் பெயரைத் தாங்கினாலும் கொடை மேரியுடையது. நூல்கள் பலவும் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கேம்பிரிட்ஜில் இயற்கணித விரிவுரைகளுக்கும் அவர் பொருள் வைத்தார். அதன் வழிவந்ததே சாட்லியர் கணிதப் பேராசிரியர் பதவி. இராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த ஹார்டி 1931 முதல் 1942 வரை அப்பதவியில் இருந்தார்.

தொடக்ககால உரைகள்: 1738இல் முதல் உரையை நிகழ்த்தியவர் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட். தலை நீக்கிய தவளையின் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் அசைவதைக் காட்டி, நரம்புக்குள் ஓடும் ஒரு நீர்மமே தசையை இயக்குகிறது என்று அவர் வாதிட்டார். தவளைக் காலில் மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்து கால்வானி நூல் வெளியிட்டது 1791இல்தான். அதுவரை நரம்பு நீர்மக் கொள்கையை ஏற்றவர்கள் பலர். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1776 முதல் 1782 வரை ஆறு உரைகள் நிகழ்த்தினார். காலப்போக்கில் பொருள் தசையிலிருந்து விரிந்து உயிரியல் எதையும் பேசலாம் என்றாயிற்று.

ஃபெரியர்: ஸ்காட்லாந்தில் பிறந்த டேவிட் ஃபெரியர் (1843–1928) வேக்ஃபீல்டு மனநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் 1873இல் விலங்குகளின் மூளைப் புறணியை மின்தூண்டலால் சோதித்தார். அடுத்த ஆண்டு அம்முடிவுகளைக் குரூனியன் விரிவுரையாகப் படித்தார். 1870இலேயே ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்னும் ஜெர்மானியர் இருவர் நாயின் மூளையில் இதைச் செய்து காட்டியிருந்தனர். அவர்களுக்கு உரிய இடத்தை ஃபெரியர் தரவில்லை என்று கட்டுரையை மதிப்பிட்டவர்கள் குறை கூறினர். ஃபெரியர் நாய்ச் சோதனைகளை எடுத்துவிட்டுக் குரங்குச் சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டார். அவருடைய பெருமைக்கு அவையே போதுமானவை: குரங்கின் புறணியில் எந்தப் பகுதி எந்த உறுப்பை அசைக்கிறது என்று குறித்த அவருடைய வரைபடம் மனித மூளையில் கட்டி இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே ஊகிக்க வழி செய்தது. 1884இல் லண்டனில் அப்படி இடம் கணித்து ரிக்மன் காட்லி ஒரு மூளைக்கட்டியை அகற்றினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், விலங்குவதைச் சட்டத்தின்கீழ் ஃபெரியர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அறுவையைச் செய்தவர் உரிமம் பெற்ற ஜெரால்டு யோ என்று தெரிந்ததால் வழக்கு தள்ளுபடியாயிற்று.

காஹல்: குரூனியன் உரைகளில் தலையாயது 1894 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ காஹல் பிரெஞ்சில் ஆற்றிய உரை. நரம்பு மண்டலம் முழுதும் இடைவெளியற்ற ஒரே வலைப்பின்னல் என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. நரம்பணுக்கள் தனித்தனியானவை, ஒன்றையொன்று தொட்டுச் செய்தி கடத்துபவை என்பது காஹலின் முடிவு. மனப்பயிற்சியால் அவ்வணுக்களின் கிளைகள் பெருகக்கூடும் என்ற ஊகத்தையும், பேணினால் கிளைக்கும் மரங்கள் நிறைந்த தோட்டமாக மூளைப் புறணியை உவமித்து, அதே உரையில் முன்வைத்தார். லண்டனில் அவர் தங்கியது நரம்பியல் ஆய்வாளர் சார்லஸ் ஷெரிங்டனின் வீட்டில். விருந்தினர் தம் படுக்கையறையையே நுண்ணோக்கி வைத்து ஆய்வுக்கூடமாக்கிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார் என்று ஷெரிங்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1906இல் நோபல் பரிசைக் காஹலுடன் பகிர்ந்துகொண்ட கோல்ஜி, அந்தப் பரிசேற்பு உரையிலும் வலைப்பின்னல் கொள்கையை விடவில்லை. அவர் தந்த வெள்ளிச் சாய முறையைக் கொண்டே காஹல் அதை வீழ்த்தியிருந்தார். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அணுக்களிடையே உள்ள இடைவெளியைக் காட்டியதும் வாதம் முடிந்தது.

பின்வந்தோர்: ஷெரிங்டன் 1897இல் தண்டுவட மறிவினை பற்றியும், பாவ்லொவ் 1928இல் பெருமூளை பற்றியும், ஏட்ரியன் 1931இல் உணர்வு நரம்புகள் கொண்டுசெல்லும் செய்திகள் பற்றியும் குரூனியன் உரையாற்றினர். 1957இல் ஹாட்ஜ்கின், 1961இல் பெர்னார்டு கட்ஸ். இருவருக்கும் பின்னர் நோபல் கிடைத்தது.

ஃபெரியர் விரிவுரை: ஃபெரியர் மறைந்த 1928இல் அவர் நினைவாக நிறுவப்பட்டது. மறு ஆண்டு முதல் உரையை ஷெரிங்டன் நிகழ்த்தினார். இவ்வரிசையில் அதிகம் எடுத்தாளப்படுவது, பார்வைப் புறணியின் அமைப்பு குறித்து ஹூபலும் வீசலும் 1972இல் நிகழ்த்தி 1977இல் அச்சேறிய உரை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981இல், இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இன்றைய நிலை: சொசைட்டி 1967 முதல் கார்ல்டன் ஹவுஸ் டெரஸ் கட்டடத்தில் இயங்குகிறது. பொதுமக்களுக்கான உரைகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பலவற்றின் காணொளிகள் இணையத்தில் உள்ளன.