தட்சிணசித்ரா: கழற்றிக் கொண்டு வந்து மறுபடி கட்டிய பழைய வீடுகள்... உள்ளே என்ன பார்க்கலாம், எப்படிப் போகலாம்?

திண்ணை, முற்றம், நாட்டு ஓடு. அபிஷேகப்பாக்கம், வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு வீடு என்றாலே இதுதான். இப்போது அந்த இடங்களில் மாடி வீடுகள் எழும்புகின்றன. முற்றம் வைத்த வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா.

தட்சிணசித்ரா என்றால் என்ன?

தென்னிந்தியாவின் பாரம்பரிய வீடுகள், கைத்தொழில்கள், கலைகளுக்கான திறந்தவெளி அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைக்காமல், வீட்டையே காட்சிப்பொருளாக வைத்திருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. சுமார் 10 ஏக்கரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரப் பகுதி வீடுகள் என 18 வீடுகள் உள்ளன. வடிவமைப்பில் கட்டடக் கலைஞர்கள் லாரி பேக்கர், பென்னி குரியகோஸ் ஆகியோருக்குப் பங்குண்டு.

இந்த யோசனை உலகுக்குப் புதிதல்ல. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் 1891-லேயே இதே முறையில் தொடங்கப்பட்டது.

வீட்டை எப்படிக் கொண்டு வர முடியும்?

இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை உரிமையாளர்களிடம் வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, அந்தந்த வட்டாரக் கைவினைஞர்களை வைத்து மறுபடி கட்டினார்கள். பழைய வீடுகளில் தூண், உத்தரம், கதவு நிலை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மரவேலை. அதனால் கழற்றி மாட்ட முடியும். மண் சுவரை அப்படிப் பெயர்த்து வர முடியாது, புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். ஆக, மரவேலைதான் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

உள்ளே என்ன பார்க்கலாம்?

தமிழ்நாட்டுப் பகுதியில் செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரஹார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு எல்லாம் உண்டு. சுடுமண் குதிரைகளோடு அய்யனார் கோயிலும் இருக்கிறது. மண்பாண்டம் வனைவது, தறி நெய்வது போன்ற வேலைகளை நேரில் பார்க்கலாம்.

ஒவ்வொரு வீடும் ஏன் ஒவ்வொரு மாதிரி?

காரணம் மழை, வெயில், காற்று. மழை அதிகமான கேரளாவில் கூரை செங்குத்தாகச் சரியும், மரம் நிறைய இருக்கும். வெயில் வாட்டும் வட கர்நாடகாவின் இல்கல் நெசவாளர் வீட்டில் கனமான கல் சுவர். ஆந்திரக் கடலோர வீடு வட்டமாக, தாழ்ந்த கூரையோடு இருக்கும். மோதும் காற்று, மூலை இல்லாத சுவரைச் சுற்றி ஓடிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

புதுச்சேரியில் இப்படி இல்லையா?

நகரத்தின் தமிழர் பகுதியில் தெருவைப் பார்த்த திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் இன்னும் உள்ளன. வைசியாள் வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் கிராமத்து ஓட்டு வீடுகளுக்கு இப்படிப்பட்ட கவனிப்பு அரிது. பழுது பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம், செலவும் அதிகம். ஓடு மாற்றுவதைவிட இடித்துக் கட்டுவதே சுலபம் என்று குடும்பங்கள் முடிவெடுப்பதைக் குறை சொல்லவும் முடியாது.

அருங்காட்சியகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடுப்பு இருக்கும், அந்த வீட்டில் வாழ்ந்த குடும்பம் இருக்காது. வீடு வந்தாலும் அதன் தெருவும் அக்கம்பக்கமும் கூடவே வராது. இடிந்து மறைந்திருக்க வேண்டிய வீடு நிற்கிறதே, அதுதான் லாபம்.

எப்படிப் போகலாம்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பாதையில், மாமல்லபுரம் தாண்டி, கோவளத்தை அடுத்து முட்டுக்காடு வரும். பஸ்ஸில் போனால், அங்கே நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க. செவ்வாய்க்கிழமை விடுமுறை. கட்டணம், நேரம் மாறலாம், போகும் முன் விசாரிச்சுக்கோங்க. நிதானமாகச் சுற்ற அரை நாளாவது வேண்டும். வெயில் ஏறும் முன் போவது நல்லது.

வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்க. உரல், குதிர், முற்றத்துத் தொட்டி எதற்கு என்று பலகையில் எழுதியதைவிட அவர்கள் அதிகம் சொல்வார்கள். உங்கள் ஊரில் பழைய வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒவ்வோர் அறையையும் போனில் படம் எடுத்து, நீள அகலத்தைக் குறித்து வையுங்க. எல்லா வீட்டையும் முட்டுக்காட்டுக்குக் கொண்டு போக முடியாது.