புருவத்தில் எழுதியிருக்கிறதா குணம்?

கண்ணுக்கு மேலே இரண்டு கீற்று மயிர். அவ்வளவுதான் புருவம். அந்தக் கீற்றை வைத்து மனிதன் கட்டிய கோட்டைகளோ எத்தனை! புலவன் அதை வில் என்றான், பிறை என்றான். குறி சொல்பவன் குடும்பத்துக்கு ஆகாது என்றான். ஆட்சியாளனின் அறிஞன் குற்றவாளியின் அடையாளம் என்றான். வணிகனோ அதையே முதலாக்கிக் கடை விரித்தான். புலவன் சொன்னதால் எவருக்கும் கேடில்லை. மற்றவர்கள் சொன்னவையோ மனிதரின் வாழ்வைத் தொட்டன. பலருடைய வாழ்வைச் சுட்டன. ஆகவே புருவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பகுத்தறிவின் துணைகொண்டு படித்துப் பார்ப்போம்.

முதலில், புருவம் எதற்காக? காசிமேட்டிலே உப்புநீர் தெறிக்க வலை இழுக்கும் மீனவரைக் கேளுங்கள். சென்னைத் துறைமுகத்திலே நிலக்கரித் தூசியில் குளித்தெழுந்த முதிய தொழிலாளரைக் கேளுங்கள். 2011ஆம் ஆண்டு, உயர்நீதிமன்ற ஆணையின்படி நிலக்கரியும் இரும்புத்தாதும் அத்துறைமுகத்தை விட்டு எண்ணூருக்கு மாறும்வரை, இராயபுரத்து மக்களின் புருவத்திலும் அந்தக் கருந்தூசி படிந்துகொண்டே இருந்தது. நெற்றி வியர்வை நேரே கண்ணில் இறங்காமல் ஓரமாய் வழியச் செய்யும் வரப்பு அது. உழைப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு பயனும் உண்டு. 2003இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், புகழ்பெற்றவர்களின் படங்களில் கண்களை நீக்கியும், புருவங்களை நீக்கியும் மக்களிடம் காட்டினர். கண்ணில்லாத முகத்தை அடையாளம் கண்டவர்களைவிடப் புருவமில்லாத முகத்தை அடையாளம் கண்டவர்கள் குறைவு! 2018இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் மற்றொரு கருத்தை வெளியிட்டனர். ஆதிமனிதனின் நெற்றியில் புடைத்திருந்த எலும்பு வரம்பு மறைந்து நெற்றி சமமானதால், புருவம் எளிதில் அசையத் தொடங்கியது. வியப்பையும் பரிவையும் வாய் திறவாமலே சொல்ல மனிதனுக்கு வழி பிறந்தது என்பது அவர்கள் கருத்து. புருவம் மனிதனை மனிதனோடு இணைக்க வந்த உறுப்பு என்பது இதனால் விளங்குகிறது. பிரிக்க வந்ததல்ல!

ஒருவருக்கு அடர்ந்த புருவம், ஒருவருக்கு மெல்லிய புருவம். ஒருவருக்கு மூக்கின் மேலே இரண்டும் சேர்ந்திருக்கும். ஒருவருக்கு மயிர்கள் மேலும் கீழுமாய் முறைத்து நிற்கும். முதுமையிலே ஆண்களின் புருவ மயிர் நீண்டு தொங்குவதும் உண்டு. இவையெல்லாம் பெற்றோர் வழி வந்த கூறுகளாலும் வயதாலும் அமைபவை. தலைமயிர் ஆண்டுக்கணக்கில் வளரும். புருவ மயிர் சில மாதங்களுக்குள் வளர்ந்து முடிந்து உதிரும். அதனால்தான் அது தலைமயிர்போல் நீளுவதில்லை. விதி என்பதற்கு இதிலே இடம் எங்கே?

ஆனால் சாத்திரம் விட்டதா? 6ஆம் நூற்றாண்டிலே வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதை என்னும் சோதிட நூல், பெண்ணின் அங்க இலக்கணத்தை அடுக்கிச் செல்கிறது. புருவங்கள் ஒன்றோடொன்று சேரலாகாதாம், மிக அகன்றிருக்கலாகாதாம், இளம்பிறைபோல் வளைந்திருத்தல் வேண்டுமாம். சாமுத்திரிகம் என்ற பெயரால் இத்தகைய பேச்சு வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் படித்த படிப்பைக் கேட்குமுன் புருவத்தைப் பார்த்தனர். சேர்ந்த புருவம் என்றால் முகம் சுளித்தனர். பெண்ணைப் பெற்றவர் தலைகுனிந்தார்.

அந்தச் சாத்திரத்துக்கு உலகம் கட்டுப்பட்டதா? இராயபுரத்திலே 1910ஆம் ஆண்டு எழுந்த பார்சியரின் தீக்கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்சியரின் மூதாதையர் நாடு பாரசீகம், இன்றைய ஈரான். அந்த நாட்டிலே 19ஆம் நூற்றாண்டில், கஜார் மன்னர் ஆட்சியில் தீட்டப்பட்ட ஓவியங்களைப் பாருங்கள். அழகியின் இரு புருவங்களும் மூக்கின் மேலே சேர்ந்திருக்கும்! இயல்பாய்ச் சேராதவர்கள் மை தீட்டிச் சேர்த்துக்கொண்டனர். இங்கே ஆகாதது அங்கே அழகு! இங்கே கேடு என்றது அங்கே பேறு! சேர்ந்த புருவத்தில் கேடு உண்மையிலேயே குடியிருந்தால், கடல் கடந்ததும் அது எங்கே ஓடிப் போயிற்று?

அதே ஈரானில் மற்றொரு வழக்கமும் இருந்தது. முறுக்கிய நூலை முகத்தில் உருட்டி, மயிரை வேரோடு பிடுங்கிப் புருவம் திருத்தும் கலையை அவர்கள் நெடுங்காலமாய் அறிவர். இன்று திருவொற்றியூர்த் தெருக்களில் த்ரெட்டிங் என்று பலகை தொங்குகிறதே, அதே கலைதான். ஆனால் மணமாகும்வரை பெண் புருவம் திருத்தலாகாது என்பது அங்கே பழைய கட்டுப்பாடு. திருத்திய புருவம் மணமானவளின் அடையாளம். ஜப்பானிலோ உயர்குடிப் பெண்கள் புருவத்தை அடியோடு நீக்கி, நெற்றியின் மேலே மையால் பொய்ப்புருவம் தீட்டிக்கொண்டனர். 1870இல் அந்நாட்டு அரசு உயர்குடியினருக்கு அதைத் தடை செய்தது. பழைய எகிப்திலே வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதிவைத்தார்.

ஓரிடத்தில் துக்கம், ஓரிடத்தில் திருமணம், ஓரிடத்தில் குலப்பெருமை! புருவத்துக்குப் பொருள் கொடுத்தது இயற்கையன்று, ஊர். ஊர் மாறினால் பொருள் மாறும். காலம் மாறினால் பொருள் மாறும். இதை உணர்ந்தவன் சாமுத்திரிகத்துக்கு அஞ்சான்.

சோதிடர்தாம் இப்படி; விஞ்ஞானம் பேசியோர் தப்பினார்களா? அதுதான் இல்லை! 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, குற்றவாளியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாய்ப் பிறக்கிறான், அவன் உடலே அதைக் காட்டிக்கொடுக்கும் என்றார். பெருந்தாடை, விநோதக் காது, அடர்ந்து சேர்ந்த புருவம் ஆகியன அவர் கண்ட அடையாளங்கள். சாமுத்திரிகம் ஐரோப்பியச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தது! இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சும்மா இருக்கவில்லை. ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்தார்; மாணவரோடும் படைவீரரோடும் ஒப்பிட்டார்; 1913இல் முடிவை வெளியிட்டார். குற்றவாளி என்றொரு தனி உடலமைப்பே இல்லை என்பதே அவர் முடிவு. மடமையை மறுப்பால் மட்டுமன்று, அளவுகோலாலும் வென்றார்.

நம் சென்னையும் அந்த அளவுகோலைக் கண்டது. ஆனால் வேறு நோக்கில். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராய் இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாய் எழுதினார். 1909இல் அது ஏழு தொகுதிகளாய் வெளிவந்தது. 1871இல் வெள்ளையர் வகுத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. தாயின் மடியில் கிடக்கும் குழந்தையும் பிறப்பாலே ஐயத்துக்குரியது என்றது அந்தச் சட்டம். விடுதலைக்குப் பின், 1952இல்தான் அது நாடு முழுவதும் ஒழிந்தது. முகத்தையும் பிறப்பையும் பார்த்துக் குணத்தை எடை போடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி, புருவத்தையும் தலையையும் திருத்தும் கையைப் பார்ப்போம். நோயும் பார்த்து, பிள்ளைப்பேறும் பார்த்ததால் மருத்துவர் என்றும் மருத்துவச்சி என்றும் பெயர் பெற்றவர்கள் தமிழ்நாட்டு முடிதிருத்தும் மக்கள். இங்கிலாந்திலும் 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தார். அங்கே கத்தி பிடித்தவன் மருத்துவ மேதையாய் உயர வழி திறந்தது. இங்கே சாதி கதவை அடைத்தது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஓடும் பக்கிங்காம் கால்வாய், தெற்கே மயிலாப்பூரை நெருங்கும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. அதன் பெயர் ஹாமில்டன் பாலம். அந்தப் பெயர் மக்கள் வாயிலே அம்பட்டன் என்று திரிந்தது. அதை மீண்டும் மொழிபெயர்த்து வெள்ளையர் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றனர். பின்னாளில் அது அம்பேத்கர் பாலம் ஆயிற்று. இழிவாய் வழங்கிய சொல் இழிவை ஒழிக்கப் போராடியவரின் பெயரில் முடிந்தது, நல்ல முடிவு!

இழிவென்று ஒதுக்கிய அதே கையைச் சமூகம் எதற்குப் பயன்படுத்திற்று? கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்க! வைதிகர் விதித்தனர்; கத்தி பிடித்ததோ ஏழைத் தொழிலாளி. 1890இல் பம்பாயிலே அந்தத் தொழிலாளர் கூடினர். இனிக் கைம்பெண்களின் தலையில் கத்தி வைப்பதில்லை என்று முடிவெடுத்தனர். அவர்களை ஊக்கியவர் சோதிராவ் புலேயின் தோழரும், 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டவருமான நாராயண் மேகாஜி லோக்கண்டே. சென்னையிலும் மனச்சான்று சில வீடுகளில் விழித்தது. சிறுமியாயிருந்தபோதே கைம்பெண்ணான சுப்புலட்சுமியின் தலையை மழிக்க அவர் தந்தை இசையவில்லை, பள்ளிக்கு அனுப்பினார். 1911இல் பட்டம் பெற்ற அப்பெண், 1912இல் தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களின் கல்விக்காக உழைக்கத் தொடங்கினார்.

மறுப்பு இரண்டு வகை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டவன் என்பதற்காக முடிதிருத்த மறுக்கும் கடைகளைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இன்றும் வருகின்றன. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். அந்த மறுப்புக்குப் பின்னே பெரும்பாலும் ஊர்ப் பெரியதனக்காரரின் மிரட்டல் நிற்கிறது. பம்பாய்த் தொழிலாளரின் மறுப்போ கொடுமைக்குக் கருவியாக மறுத்த மறுப்பு. முன்னது அடிமைத்தனம், பின்னது மானம்.

இந்தப் பழங்கதை இன்று ஏன்? வடசென்னை இளைஞனின் புருவத்தைப் பாருங்கள். ஓரத்திலே ஒரு வெட்டுக்கோடு, சிலருக்கு இரண்டு. 1980களின் இறுதியில் பிக் டாடி கேன் போன்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் மேடையில் காட்டிய கோலம், கப்பலேறாமலே கைப்பேசி வழியாய்க் காசிமேடு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டதும் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர்: இவன் புள்ளிங்கோ, இவன் படிக்கமாட்டான், இவன் வம்புக்காரன்! மாணவர் விரும்பும் கோலத்தில் முடி வெட்டாதீர்கள் என்று சலூன்காரர்களிடம் பள்ளித் தலைமையாசிரியர்களும் காவல்துறையினரும் கேட்டுக்கொண்ட செய்திகளை அண்மை ஆண்டுகளில் கண்டோம். பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து வெட்டிவிட்ட செய்திகளும் உண்டு. லொம்ப்ரோசோ இறந்துவிட்டார், அவருடைய ஆவி மட்டும் நம் பள்ளி வாசலில் காவல் நிற்கிறது! அன்று கைம்பெண்ணின் முன்னே நிறுத்திய தொழிலாளியை, இன்று மாணவனின் முன்னே நிறுத்துகிறோம்.

பள்ளியில் ஒழுங்கு வேண்டாவா என்று கேட்பர். வேண்டும். ஆசிரியத் தொழில் செய்யும் நாமே அதை மறுக்கமாட்டோம். நேரத்துக்கு வருதல் ஒழுங்கு; தோழனை இழித்துப் பேசாமை ஒழுங்கு; புரியாததைக் கேட்டல் ஒழுங்கு. புருவக்கோடு பிதாகரசின் தேற்றத்தைத் தடுத்ததாக நாம் கண்டதில்லை. தொழிற்பேட்டையிலே மூன்று முறைப்பணி பார்க்கும் தந்தையின் மகன், வீட்டிலே படிக்க இடமில்லாமல் தெருவிளக்கில் நிற்கிறானே, அதைக் கேட்காத நாம் புருவத்தைக் கேட்பது முறையா? மாணவி புருவம் திருத்தி வந்தால், இந்த வயதில் யாருக்குக் காட்ட என்று கேட்கும் வாய்க்கும், மணமாகும்வரை திருத்தாதே என்ற பழைய ஈரானியக் கட்டுப்பாட்டுக்கும் என்ன வேற்றுமை?

இளைஞருக்கும் ஒரு சொல். சாத்திரக்காரனிடமிருந்து தப்பி விளம்பரக்காரனிடம் சிக்காதீர்கள். இப்படி இருந்தால்தான் புருவம் என்று அவனும் இலக்கணம் வகுக்கிறான்; கூலி வாங்கிக்கொண்டு வகுக்கிறான். 1933இல் அமெரிக்காவில் லேஷ் லூர் என்ற இமை, புருவச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தனர், ஒருத்தி உயிரிழந்தாள். அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1938இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே, தலைக்குப் பூசும் சாயத்தைப் புருவத்தில் பூசாதீர்கள். நூலால் திருத்துவோர் நூலின் முனையை வாயில் கடித்துக்கொண்டால், கழுத்தில் கட்டிக்கொள்ளும்படி கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் புதுநூல் கேளுங்கள். புருவம் வழியே நோய்க்கிருமி புகுவதைத் தடுப்பது கைச்சுத்தமே; கயிறும் தாயத்தும் அல்ல. திருத்த விருப்பமில்லையா? அப்படியே விடுங்கள். அடர்ந்த புருவத்துக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

திருத்துவதும் உரிமை, திருத்தாதிருப்பதும் உரிமை. அந்த உரிமையைப் பறிக்கக் குறிகாரனுக்கும் அதிகாரமில்லை, அதிகாரிக்கும் அதிகாரமில்லை, கடைக்காரனுக்கும் அதிகாரமில்லை. பம்பாய்த் தொழிலாளர் 1890இல் கத்தியைக் கீழே வைத்தபோது சொல்லாமல் சொன்ன பாடம் இது: ஒருவர் தலைமேல் உள்ளது அவருக்கே உரியது. புருவத்தைத் திருத்துவது எளிது. ஒரு முழம் நூல் போதும். புருவத்தைப் பார்த்து மனிதனை எடைபோடும் மனத்தைத் திருத்துவதே கடினம். அந்த வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் நாம். தொடங்க வேண்டிய இடம் நம் வகுப்பறை, நம் வீடு, நம் தெரு!